ஸ்நோ அள்ளுகிறவனுக்கு ஒரு கழிப்பு

என்னை அழ வைப்பது அந்த வருடம் என் அக்காவுக்கு முழுநேர வேலையாக இருந்தது. பகுதிநேரமாக அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலும் வேலை செய்தாள்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. என் மனைவி வவுனியாவில் இறந்துபோயிருந்தாள். அவளை இந்தக் குளிர்நாட்டுக்குக் கூப்பிட நான் போட்ட ஸ்பொன்சர் பேப்பர்கள் எல்லாம் சரிவந்து, மெடிக்கலுக்காகக் கொழும்புக்குப் போக அனுமதி கேட்டு ஒரு முகாமில் காத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. மலேரியா என்று ஒருவர் சொன்னார், மூளைக்காய்ச்சல் என்று இன்னொருவர் சொன்னார். செய்தி ஸ்காபரோவின் மல்வேர்னில், நான் தங்கியிருந்த அக்கா வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. அத்தான் எடுத்து அக்காவிடம் கொடுத்தார், அக்கா என்னிடம் கொடுத்தாள். நான் "ஓம், ஓம், சரி" என்றேன். மறுமுனையில் இருந்தவர் வைக்காததால், "அப்ப வைக்கட்டோ?" என்று நானே கேட்டேன். மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

அடுத்த வார இறுதியில் ஆட்கள் வந்தார்கள். உடல் இல்லாத செத்தவீடு. பெண்கள் கம்பளத்தில் வட்டமாக இருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் தொடங்குவதற்காகக் காத்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். யூனியன்வில்லில் இருந்து வந்த ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "அழு தம்பி, அழுதாத்தான் ஆறும்" என்றார். மனப்பூர்வமாக முயன்றேன். தும்மல் வந்தது.

அதன் பிறகு அக்கா திட்டமிட்டு இயங்கத் தொடங்கினாள். கல்யாண ஆல்பம் தற்செயலாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வெங்காயம் வெட்டும் வேலை எனக்கு மாற்றப்பட்டது. நான் எந்தக் கலக்கமும் இல்லாமல் மெல்லிசாக, ஒரே அளவில் வெட்டிக்கொடுத்தேன்.

"உவனை விடும். ஆம்பிளையளுக்கு அழுகை உள்ளுக்கைதான்" என்றார் அத்தான்.

"உள்ளுக்கை எண்டா எங்கை? நான் நல்லாப் பாத்திட்டன். உள்ளுக்கையும் ஒண்டும் இல்லை."

அக்கா சொன்னது சரி. நானும் உள்ளே பார்த்திருந்தேன். கறியில் உப்புக் குறைந்தால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் குறைந்துவிட்டதே என்று தோன்றவில்லை. பஸ் பிந்தினால் பிந்துகிறது. வந்தால் வருகிறது. என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பவன் யாரோ ஒரு பொறுப்பான ஆள், அவனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்பது போன்ற ஒரு தூரம்.

வேலை, றப்பர் முத்திரை செய்யும் ஒரு சின்னக் கடையில். அலுவலகங்களுக்கு 'கிடைத்தது', 'நகல்', 'அவசரம்' என்று முத்திரை செய்து கொடுப்போம். மிகவும் விலைபோனது 'காலங்கடந்தது'. அதைச் சிவப்பு மையில்தான் குத்துவார்கள் என்பதால் கடையில் சிவப்பு மை எப்போதும் தாராளமாக இருந்தது. ஊரில் இருந்தபோது மூன்று மொழியில் நாவல் வாசித்தவன், இங்கே ஒற்றைச் சொல் இலக்கியத்தில் இறங்கியிருந்தேன்.

அங்கேதான் ஒரு நாள் அந்தப் பெண் வந்தார். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரி, சேறு பிடித்த சப்பாத்து, முதுகில் பை. முத்திரை ஒன்றும் வேண்டாம், வெட்டி எறியும் றப்பர் துண்டுகளைத் தருவீர்களா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். பையில் இருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கையால் செதுக்கிய முத்திரைகள்: ஒரு நரி, ஒரு ஓடம், ஒரு தேநீர்க் கெண்டி. புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு தெரிந்தது. மனதுக்குள் அவருக்கு ரீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றில் ஒரு முத்திரையும் ஒரு கொப்பியும் வைத்து, காட்டிலோ பூங்காவிலோ ஒளித்துவிட்டு, போகும் வழியைக் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதிவைப்பார். மற்றவர் அதை வாசித்துத் தேடிப் போவார். பெட்டியில் உள்ள முத்திரையைத் தன் கொப்பியில் குத்துவார், தன் முத்திரையைப் பெட்டியில் உள்ள கொப்பியில் குத்துவார், பெட்டியை இருந்த இடத்திலேயே இன்னும் நன்றாக ஒளித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குப் போவார். இங்கிலாந்தில் ஒரு சதுப்பு நிலத்தில் வெகுகாலத்துக்கு முன் தொடங்கியதாம். லெட்டர்பாக்சிங் என்று பெயர். தபாலுக்கும் இதற்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை.

"பரிசு?" என்று கேட்டேன்.

"இல்லை."

"கண்டுபிடித்தபின் என்ன?"

"அடுத்த பெட்டி" என்றார் ரீச்சர்.

இது எனக்கென்றே செய்த விளையாட்டு என்று பட்டது. எதுவும் கிடைக்காது. கிடைத்ததற்காகச் சந்தோஷப்படும்படி யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். உடைந்த பலகை வாங்கில் இருந்து வடக்கே போ, இரட்டை மரத்தில் இடப்பக்கம் திரும்பு என்று யாரோ எழுதிவைத்ததைச் செய்துகொண்டே போனால் போதும். கால்கள் வேலை செய்யும். மற்றதெல்லாம் வீட்டில் நிற்கலாம்.

அவர்கள் ஸ்காபரோவில் ஒரு டோனற் கடையில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடினார்கள். மொத்தமே ஒரு மேசைக் கூட்டம்தான். ஆனால் அந்த மேசையில் நடந்த சண்டைகள் ஒரு பாராளுமன்றத்துக்குப் போதும். பெட்டியை மண்ணைத் தோண்டிப் புதைக்கலாமா, அல்லது இலைகுழையால் மூடிவிட வேண்டுமா? கடையில் வாங்கிய முத்திரை செல்லுமா, கையால் செதுக்கியதுதான் செல்லுமா? நாய் கண்டுபிடித்தால் அது கண்டுபிடிப்பா? ஊர்ச் சங்கம் ஒன்று இதைவிடச் சின்ன விஷயத்துக்கு இரண்டாக உடைந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் எனக்கு அங்கே அந்நியமாகவே இருக்கவில்லை.

எல்லாச் சண்டையிலும் ஒருபக்கம் ரீச்சர். மறுபக்கம் குடுமி வைத்த ஒரு கம்பியூட்டர் இளைஞன். வழிக்குறிப்புகளை எல்லாம் இன்ரர்நெற்றில் போடவேண்டும் என்பது அவன் கட்சி.

"யாரும் வரலாம் என்றுதானே ஒளிக்கிறோம்?" என்பான்.

"தேடுகிறவர் வரட்டும். வாசிக்கிறவர் எல்லாம் வரவேண்டாம்" என்பார் ரீச்சர்.

இனிமேல் வானத்தில் சுற்றும் செய்மதிகள் பெட்டியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், வழிக்குறிப்பே தேவைப்படாது என்று சொல்லி ஒருநாள் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். அது எங்களை ஒரு பல்பொருள் கடையின் வாகனத் தரிப்பிடத்துக்கு நடுவில் நிறுத்தி, வந்துவிட்டோம் என்று அறிவித்தது. ரீச்சர் சுற்றிலும் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு நல்ல நாள்.

ஆனால் குளிர்காலம் முழுக்க இழுபட்ட பெரிய சண்டை வேறு. பெட்டிக்குள் முத்திரையும் கொப்பியும் தவிர வேறு எதையாவது வைக்கலாமா? சின்ன விளையாட்டுச் சாமான், சாவி மாட்டும் திறப்புக் கோர்வை, ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப் போகலாமே, பிள்ளைகள் விரும்புவார்கள் என்றான் குடுமிக்காரன். ரீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பொருளை உள்ளே விட்டால் ஒரு வருடத்தில் பெட்டி குப்பைத்தொட்டி ஆகும், பிறகு ஆட்கள் எடுப்பதற்காக வருவார்கள், தேடுவதற்காக வரமாட்டார்கள் என்றார். முத்திரை, கொப்பி. அவ்வளவுதான். இந்த ஒரு விதி போனால் தானும் போய்விடுவேன் என்றார்.

இதற்கு நடுவில் ஒருநாள், எனக்குக் குடும்பம் உண்டா என்று ரீச்சர் கேட்டார். "மனைவி போன இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டாள்" என்றேன். எந்தப் பஸ் எங்கே போகும் என்று சொல்லும் குரலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் டோனற் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மற்றவர் பெட்டிகளைத் தேடிக்கொண்டே இருந்தால் போதாது, தானும் ஒன்றை ஒளிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். நானும் செதுக்கினேன். எங்கள் ஆட்கள் என்றால் பனைமரம் செதுக்குவார்கள். எனக்கு அதற்கும் மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அத்தான் ஸ்நோ அள்ளிக்கொண்டிருந்தார், அவரைச் செதுக்கினேன். கையில் ஸ்நோ அள்ளும் சவளோடு ஒரு மனிதன். என் கைவண்ணத்தில் அந்தச் சவள் அவர் நெஞ்சுக்குள்ளால் புகுந்து முதுகால் வெளியே வந்தது. திருத்த முயன்றதில் தலையும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கடையில் கிடைத்த சிவப்பு மையால் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒன்று குத்திவைத்தேன். பெட்டி, அக்காவின் பழைய மார்ஜரீன் டப்பா. மூடி இறுக்கமில்லை என்பதால் அவளுடைய தையல் பெட்டியில் இருந்து கறுப்பு நூல் எடுத்து நாலு சுற்றுச் சுற்றினேன். பிறகு தூரத்துக்குப் போகச் சோம்பிப் பஞ்சிப்பட்டு, ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வீட்டு வரிசைக்குப் பின்னால், ஓடைக்கு இறங்கும் சரிவில், ஒரு மரவேருக்குக் கீழே வைத்துத் தட்டைக் கல்லால் மூடி, வழிக்குறிப்பை டோனற் மேசையில் கொடுத்தேன்.

இந்த விவரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கும் எந்தத் தமிழருக்கும் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. கடையில் மேலதிக வேலை இருந்ததால் டோனற் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் படியில் என் மார்ஜரீன் டப்பா திறந்து கிடந்தது. கீழே தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். சுற்றிவர உப்பு. சாப்பாட்டு உப்பை வீணாக்கக்கூடாது என்று வாசலில் ஐஸ் உருகப் போடும் உப்பில் வட்டம் போட்டிருந்தாள் அக்கா. அவள் கையில் இறைச்சி வாட்டும் இடுக்கி.

"கிட்டப் போகாதை!"

"என்னக்கா?"

"என்னெண்டு கேக்கிறான். இஞ்சாருங்கோ, நீங்களே சொல்லுங்கோ உவனுக்கு."

அத்தான் கதவுக்கு உள்பக்கம் நின்றபடி சொன்னார்: "செய்வினையாம்."

மத்தியானம் அக்கா சமையலறை ஜன்னலால் பார்த்திருக்கிறாள். மழைக்கோட்டுப் போட்டு முகத்தை மூடிய ஒரு உருவம் சரிவில் இறங்கி, மரத்தடியில் குந்தி, நெடுநேரம் என்னவோ செய்துவிட்டு, நாலு பக்கமும் பார்த்துப் போயிருக்கிறது. அக்கா உடனே இடுக்கியோடு இறங்கிவிட்டாள்.

"அக்கா, உது நான் வைச்சது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தாள்.

"நீயோ?"

"ஓம்."

"ஏன் வைச்சனி?"

"ஆரும் வந்து தேடி எடுக்கிறதுக்கு."

"ஆர்?"

"தெரியாது."

"எடுத்து?"

"முத்திரை குத்திப்போட்டுத் திருப்பி வைப்பினம்."

"எங்கை?"

"அதே இடத்திலை."

"ஏன்?"

டோனற் கடையில் எத்தனையோ கேள்விகளுக்கு மணிக்கணக்கில் அடிபட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"விளையாட்டு" என்றேன்.

"பாத்தியளோ? புத்தியை எப்பிடித் திருப்பி வைச்சிருக்கு எண்டு பாத்தியளோ? தான்தான் வைச்சனான் எண்டு தன்ரை வாயாலையே சொல்லுறான்." அவள் இடுக்கியால் கொப்பியைப் புரட்டினாள். "உது என்ன, ரத்தத்திலை? நெஞ்சிலை கம்பி ஏத்தி, கழுத்தை முறிச்சு?"

"அது சிவப்பு மை. அது ஸ்நோ அள்ளுற ஆள். கையிலை இருக்கிறது சவள்."

"சவளாலை ஆரடா நெஞ்சிலை குத்துறது?"

"அது அத்தான், அக்கா."

"நானோ?" என்றார் அத்தான், முதல் தடவையாக வெளியே வந்து. குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "நெஞ்சு கொஞ்சம் நோகுதெண்டு நான் போன கிழமைதானே சொன்னனான்?"

"அப்ப உது?" என்றாள் அக்கா, இடுக்கியால் தூக்கிக் காட்டி.

ஒரு பொம்மை. விரல் கணுவளவு. உடம்பு முழுக்க நிற நூல் சுற்றி, இரண்டு கறுப்புப் புள்ளி கண்ணாக.

"உது... உதை நான் வைக்கேல்லை" என்றேன். உண்மையைச் சொல்லக்கூடாத நேரங்களில் அது ஒன்று.

அக்கா இடுக்கியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது வேறு. மாதக்கணக்காக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து, கண்ணில் வெளிச்சம் வந்து, ஐந்து வயது குறைந்தவள் மாதிரி நின்றாள். அவளுக்குத் தம்பியின் வியாதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. செய்வினை என்றால் கழிக்கலாம். கழித்தால் தம்பி திரும்பி வருவான், அழுவான், ஆறுவான். செய்வினை இல்லை என்றால்தான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிரவுச் சாப்பாடு நன்றாக இருந்ததாக அத்தான் சொன்னார். சாப்பிடும்போதே அக்கா யார் செய்திருக்கக்கூடும் என்று ஆராய்ந்தாள். கோயிலில் முகம் திருப்பியவர்கள், வேலையிடத்தில் ஷிஃப்ற் பறிகொடுத்தவர்கள், ஒரு பூப்புனித விழாவுக்குச் சொல்லாமல் விடப்பட்டவர்கள்.

"உமக்கு இவ்வளவு எதிரியள் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது" என்றார் அத்தான் மரியாதையோடு.

டோர்செட் பார்க்கில் ஒரு ஐயா இருந்தார். கிழமை நாட்களில் தளபாடத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவார், வார இறுதியில் கழிப்புக் கழிப்பார். அக்கா தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றதால் அவர் குரலும் கேட்டது.

"வீட்டுக்குள்ளை எடுக்கேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை ஐயா."

"நல்லது. வாற ஞாயிறு காலமைதான் எனக்கு ஏலும். ஓடுற தண்ணி கிட்டக் கிடக்கோ?"

"வீட்டுக்குப் பின்னாலை ஓடை."

"அருமை. பார்க்கிங்?"

அடுத்த சனிக்கிழமை டோனற் கடையில் நான் முறைப்படி அறிவித்தேன்: என் பெட்டி வெளியாள் ஒருவர் கையில் சிக்கிவிட்டது, வெளியாள் என் அக்கா, அவள் அதைச் சூனியம் என்று நினைக்கிறாள், நாளை காலை ஒருவர் வந்து அழிக்கப்போகிறார். குடுமிக்காரன் மேசையில் தட்டிச் சிரித்தான். பிறகு வழக்கம்போல விவாதம் தொடங்கியது. வெளியாள் கையில் பட்ட பெட்டியை ஒளித்தவர் திரும்ப எடுத்து, அது இறந்துவிட்டது என்று அறிவிக்கவேண்டும். இதுவரைக்கும் எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் பேய் ஓட்டிய பெட்டியை மறுபடியும் ஒளிக்கலாமா? அக்கா இடுக்கியால் எடுத்தது கண்டுபிடிப்பாகச் சேருமா? சேராது, அவருக்குச் சொந்த முத்திரை இல்லையே என்றார் ஒருவர்.

"இன்னொன்று. யாரோ உள்ளே ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள். அதுதான் வினையாகிவிட்டது" என்றேன்.

எல்லோரும் குடுமிக்காரனைப் பார்த்தார்கள்.

"நான் இல்லை! இன்னும் உன் பெட்டிக்கே நான் போகவில்லை!"

ரீச்சர் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கோப்பியில் சீனி இல்லை. பிறகு, "நாளை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை. மரநிழல்களில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. ஐயா தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். வேட்டிக்குக் கீழே குளிருக்குப் போடும் லோங் ஜோன்ஸ் காற்சட்டை, மேலே பார்க்காக் கோட்டு, நெற்றியில் திருநீறு, திருநீற்றின் பாதியை மறைத்துக் கம்பளித் தொப்பி. பையில் எலுமிச்சந் தேசிக்காய், கற்பூரம், நீற்றுப்பூசணி, பாக்குவெட்டி. நாங்கள் நால்வரும் சரிவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். என்னைப் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் கிழக்கே பார்க்க இருத்தினார் ஐயா. எனக்கு முன்னால் மார்ஜரீன் டப்பா. கற்பூரம் காற்றில் பிடிக்கவில்லை. அத்தான் தன் பார்க்காவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், நெஞ்சைக் காற்றுக்குக் காட்டியபடி.

அப்போது மேலே சுள்ளி முறியும் சத்தம். மழைக்கோட்டுப் போட்ட உருவம் ஒன்று ஊன்றுகோலோடு இறங்கி வந்தது.

"உவள்தான்!" அக்கா கூவினாள். "அண்டைக்கு வந்தது உவள்தான்!"

"விசரே? வெள்ளைக்காரியே செய்வினை செய்தது?" என்றார் அத்தான்.

"ஏன், அவைக்குச் செய்யத் தெரியாதோ?"

ரீச்சர் எங்களுக்குப் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்கி, என்னிடம் மட்டும் சொன்னார், ஆங்கிலத்தில், மெதுவாக. பொம்மையை வைத்தது அவர்தான். தேவாலயச் சந்தை ஒன்றில் வாங்கியது. தெற்கே ஏதோ ஒரு நாட்டில் பிள்ளைகள் தங்கள் கவலையை அதனிடம் சொல்லித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். காலையில் கவலையைப் பொம்மை கொண்டுபோயிருக்குமாம். "அன்றைக்கு நீ அப்படிச் சொன்னபோது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. உன் பெட்டியை நீ எப்படியும் திறந்து பார்ப்பாய் என்று நினைத்தேன்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே" என்றார். குடுமிக்காரனைச் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன், குடுமிக்காரனை விட்டுவிட்டு. ஐயா தொப்பியைக் கழற்றினார். பொம்மையை இடுக்கி இல்லாமல் வெறுங்கையால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப டப்பாவுக்குள் வைத்தார்.

"பிள்ளை, இது ஏவல் இல்லை. இந்த மனுசி துக்கம் இறங்கட்டும் எண்டு வைச்சது. இதைக் கழிக்கிறது பாவம்." தேசிக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினார். "கழிக்க இஞ்சை ஒண்டும் இல்லை."

"அப்ப?" என்றாள் அக்கா.

ஐயா பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப இவனுக்கு என்ன?"

போன வாரம் முழுக்க இருந்த ஐந்து வயது இளமை அவள் முகத்தில் இருந்து வடிந்து போய்க்கொண்டிருந்தது. "அப்ப இவன் இப்பிடியேதான் இருக்கப்போறானோ?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, ஐயாவிடமும் இல்லை. ஓடையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு அந்த ஈரத் தரையிலேயே கோட்டோடு இருந்துவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது என்று எழுத ஆசைதான். என் இடது சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தை உணராமலே அறிந்துகொள்ள முடியும், கறியில் உப்புக் குறைந்ததை அறிவது போல. அக்காவிடம் இருந்து ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது என்று அறிந்தேன்.

"ஐயா, பெட்டியை விடுங்கோ. எனக்குக் கழியுங்கோ" என்றேன்.

"உமக்கு என்ன செய்யுது, தம்பி?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பையைத் திரும்பத் திறந்தார்.

கற்பூரம் இந்த முறை பிடித்தது. ரீச்சரும் மழைக்கோட்டை விரித்துப் பிடித்திருந்தது காரணமாக இருக்கலாம். ஐயா எனக்கு விளங்காத எதையோ முணுமுணுத்து, தேசிக்காயை என் தலையைச் சுற்றி, நெற்றிக்கு நேரே பிடித்துப் பாக்குவெட்டியால் ஒரே அழுத்து.

தேசிக்காய்ப் புளி நேராக வலது கண்ணுக்குள் போனது.

எரிந்த எரிவில் இரண்டு கண்ணும் சேர்ந்து ஓடத் தொடங்கின. மூக்கும் ஓடியது. துடைப்பதற்குக் கையைத் தூக்கினேன்.

"இஞ்சாருங்கோ!" அக்கா எழும்பிவிட்டாள். "அழுறான்! இஞ்சை பாருங்கோ, அழுறான்!"

அத்தான் பார்க்காவைக் கீழே விட்டார். அக்கா ஓடிவந்து என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்தாள். பிறகு அவளுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது, நான் அதுவரை அந்த வீட்டில் கேட்டிராத சத்தம்.

"ஐயோ என்ரை மச்சாள்! என்ரை மச்சாள், எங்கையடி போனாய்! உன்ரை மனுசன் அழுறானடி, வந்து பாரடி!"

அப்போதுதான் விளங்கியது. அதுவரை அவள் அழவே இல்லை. என் மனைவி எனக்கு மனைவியாகும் முன்பே அக்காவுக்குச் சினேகிதி. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அக்காதான். ஆனால் செத்தவீட்டில் உரித்துக்காரன் தொடங்காமல் மற்றவர் எப்படித் தொடங்குவது? அந்தத் தொலைபேசியை என்னிடம் கொடுத்த நாளில் இருந்து, நான் முதலில் அழுவேன் என்று, தன்னுடையதைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் மெல்லிசாக வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

தூக்கிய கையைக் கீழே போட்டேன். கண்ணைக் கசக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டேன்.

அக்காவின் கோட்டுக்கும் கைக்கும் இடையால் ஐயாவின் முகம் தெரிந்தது. அவருக்குத் தெரியும். எத்தனை பேர் கண்ணில் அந்தப் புளி போயிருக்கும்! தோளில் கிடந்த சால்வையை எனக்கு நீட்டினார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் சால்வையைத் திரும்பத் தோளில் போட்டார். பிறகு இரண்டாவது தேசிக்காயை எடுத்து, முதலாவதைவிடக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து, கவனமாக வெட்டினார்.

அக்கா இன்னும் பெரிதாக அழுதாள். மச்சாளின் பள்ளிக்கூடக் கதைகளை எல்லாம் ஓடைக்குச் சொல்லி அழுதாள். ரீச்சருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அத்தான் மரத்தின் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு எரிவு மெல்ல மெல்லக் குறைந்தது. வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணும் காயத் தொடங்கியது. அக்காவோ அப்போதுதான் கல்யாண நாள் வரைக்கும் வந்திருந்தாள். இன்னும் எவ்வளவோ கிடந்தது.

"ஐயா," என்றேன் மெதுவாக, அவளுடைய கோட்டுக்குள் இருந்தபடி. "இன்னும் தேசிக்காய் கிடக்கோ?"